பிரயாணத்தில் குழந்தையின் பழக்கம்

கோலார் தங்கவயலில் வாழும் குடும்பங்களுக்குப் பிரயாணம் என்பது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் உரிய காரியமன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், பிழைப்பின் பொருட்டு ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். வைத்தியம் என்றால் வேலூர். உறவினர் வீடு என்றால் குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர். நேர்த்திக்கடன் என்றால் திருப்பதி அல்லது வேளாங்கண்ணி. இவற்றுக்கெல்லாம் இப்போது வாடகைக் கார் பிடித்துக் குடும்பத்தோடு புறப்படுவது வழக்கமாகிவிட்டது. காரில் முன்னிடம் தாத்தாவுக்கு, ஜன்னலோரம் அத்தைக்கு, பின்னால் மூட்டைகளுக்கு என்று எல்லாம் ஏற்பாடாகும். இரண்டு வயதுக் குழந்தைக்கு வழியில் வெளிக்குப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும், அக்குழந்தை அழத் தொடங்கிய பின்னரே நாம் நினைக்கிறோம்.

அப்பொழுதுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் போகக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு இது சிறிய சங்கதி அன்று. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இந்தப் பழக்கம் உடலில் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கைக்குழந்தையின் மூத்திரப்பை நிரம்பியவுடன் தானே சுருங்கி வெளியேற்றிவிடும். அதில் குழந்தையின் விருப்பத்துக்கு இடமில்லை. பையின் வாயிலுள்ள தசையை இறுக்கி வைப்பதும் வேண்டும்போது தளர்த்துவதும் மூளையின் கட்டளைக்கு உட்படுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை வயது முதல் இரண்டு வயது வரை ஆகிறது. அதன் பிறகும் நிரம்பியிருப்பதை உணர்தல், அதைச் சொல்லுதல், இடம் வரும் வரையில் பொறுத்தல், உடையைக் கழற்றி உட்காருதல் ஆகிய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யக் குழந்தை கற்க வேண்டும். இந்நான்கில் பொறுத்தல்தான் கடைசியில் வருவது. பிரயாணத்தில் நாம் குழந்தையிடம் எதிர்பார்ப்பதோ அந்த ஒன்றைத்தான்.

பொறுக்கும் அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. குழந்தையின் வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அதன் மூத்திரப்பை ஏறத்தாழ எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்பது தெரியும் என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்வர். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது 120 மில்லிலிட்டர். நாம் காபி அருந்தும் சிறிய டம்ளர் ஒன்றின் அளவு. புறப்படும்போது கொடுத்த பாலும், வழியில் கொடுத்த பழரசமும் எங்கே போகும் என்பதை எண்ணிப் பார்த்தால், "இன்னும் அரை மணி நேரம் அடக்கிக்கொள்" என்று சொல்வதன் பொருத்தமின்மை தானே விளங்கும்.

எந்த வயதில் பழக்கத் தொடங்குவது என்பதில் உலகம் முழுவதும் ஒரே கருத்து இருந்ததில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 1962ஆம் ஆண்டில் 1,170 குழந்தைகளைப் பற்றிய தம் குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். கட்டாயப்படுத்தாமல், குழந்தை தானே ஆயத்தம் காட்டும்வரை காத்திருந்து பழக்கினால், பகல் நேரக் கட்டுப்பாடு சராசரியாக 28½ மாதத்தில் அமைகிறது என்பது அவர் கண்டது. அதற்கு நேர்மாறாக, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் வாழும் டிகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே பழக்கத் தொடங்கி, குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்புமுன்பே பெருமளவு வெற்றி பெறுகின்றனர் என்று 1977இல் டி விரீஸ் தம்பதியர் எழுதினர். அவர்கள் வர்ணித்த முறையைப் படிப்பவர்க்கு வியப்பு உண்டாகும். தாய் தரையில் காலை நீட்டி அமர்ந்து, கால்களுக்கிடையே குழந்தையை இருத்தி, வாயால் ஒரு சீழ்க்கை ஒலி எழுப்புகிறாள். நம் வீடுகளில் ஆயா செய்வதும் இதுவே அன்றோ! பாதங்கள் இரண்டையும் சேர்த்து அவற்றின்மேல் குழந்தையை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பாத ஆயா வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குக் குடிவந்த குடும்பங்களில் இருந்திருக்க முடியாது.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் நாம் புக விரும்பவில்லை. பிரயாணத்தைப் பொறுத்தவரையில் ஆயாவின் முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு என்பதை மட்டும் சொல்லலாம். அம்முறையில் பழகிய குழந்தைக்குத் தனி அறையோ தனி இருக்கையோ வேண்டுவதில்லை. தெரிந்த ஒருவரின் பாதமும் தெரிந்த ஓர் ஒலியும் இருந்தால் போதும். அவ்விரண்டையும் எந்த ஊருக்கும் எடுத்துச் செல்லலாம்.

பிரயாணம் குழந்தையை ஏன் கலக்குகிறது? வீட்டில் அதற்கு ஓர் இடம், ஒரு நேரம், உடனிருக்கும் ஒரு முகம் என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வழியிலோ அதுவரை கண்டறியாத ஓட்டல் கழிப்பறை, ஈரத்தரை, வீச்சம், கதவுக்கு வெளியே யாரோ அவசரப்படுத்தும் குரல். பெரியவர்களுக்கே ஒவ்வாத அவ்விடத்தில் குழந்தை இறுக்கிக்கொள்வதில் வியப்பில்லை. மூத்திரத்தை நெடுநேரம் இறுக்க அதனால் இயலாது, உடை நனைந்துவிடும். மலத்தையோ அதனால் இறுக்கிவைக்க முடியும். ஆபத்து இருப்பது அங்கேதான்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணத்துக்காகக் காரில் சென்றார்கள். இரண்டரை வயதுப் பெண் குழந்தை; ஒரு மாதமாக ஒரு விபத்தும் இல்லாமல் சொல்லிச் சொல்லிப் போய்க்கொண்டிருந்தவள். வழியில் ஓர் உணவு விடுதியில் நிறுத்திக் கழிப்பறையைக் கேட்டபோது, அது வாடிக்கையாளருக்கு மட்டும் என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். காரில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் குழந்தை உடையை அசுத்தம் செய்துவிட்டாள். பட்டுப்புடவையில் பட்டுவிட்டதே என்ற எரிச்சலில் அத்தை ஒரு வார்த்தை சொன்னார். தாயும் ஓர் அடி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான்கு நாள் அக்குழந்தை வெளிக்குப் போகவில்லை. கல்யாண வீட்டில் மூலையில் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பாள். முக்குகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வாறு அடக்குவதன் விளைவை அறிந்துகொள்வது நல்லது. மலக்குடலில் மலம் வந்து சேர்ந்ததும் உந்துதல் எழும். அதைச் சிறிது நேரம் எதிர்த்து நின்றால் அது தணிந்துவிடும். தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாள் ஏற ஏற அது கட்டிப்பட்டு இறுகும். பிறகு வெளிவரும்போது வலிக்கும், சில சமயம் ஆசனவாய் வெடித்து இரத்தமும் கசியும். வலி கண்ட குழந்தை அடுத்த முறை இன்னும் உறுதியாக அடக்கும். இச்சுழல் வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. கட்டிப்பட்ட மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உடையில் படுவதைக் கண்டு, பேதி என்று தவறாக எண்ணி மருந்து கொடுப்போரும் உளர். நிரம்பிய குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் அடிக்கடி நனைத்தலும், சில குழந்தைகளுக்கு மூத்திரத் தாரையில் கிருமித் தொற்றும் உண்டாகலாம். மேற்சொன்ன குழந்தை வைத்தியரின் உதவியால் தேறினாள். எனினும் பழைய நிலைக்கு வர இரண்டு மாதங்கள் ஆயின. ஓர் அடியின் விலை அவ்வளவு.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. காலை உணவு வயிற்றில் விழுந்த கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள் குடல் அசைவது இயற்கை. பலர் செய்வதைப் போல, தூங்கும் குழந்தையை நான்கு மணிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு புறப்பட்டால், அந்த அசைவு நடுவழியில்தான் நேரும். ஒரு மணி நேரம் தாமதமானாலும் பாதகமில்லை. குழந்தைக்கு இட்லியோ கஞ்சியோ கொடுத்து, அமைதியாக உட்கார வைத்து, அதன்பின் புறப்படுவதே மேல். முதல் நாள் உணவில் கீரையும் வாழைப்பழமும் இருக்கட்டும். பயணத்தின்போது வாய் ஓயாமல் கொடுக்கும் பிஸ்கட்டும் சிப்ஸும் மலச்சிக்கலுக்கு நண்பர்கள்.

தண்ணீரைக் குறைத்துவிட்டால் தொல்லை குறையும் என்று எண்ணுவது பெரும்பிழை. வெயில் நாளில் மூடிய காரில் குழந்தையின் உடல் விரைவில் வறளும். மலமும் மேலும் இறுகும். தண்ணீரை வழக்கம்போல், சிறிது சிறிதாகக் கொடுத்து வர வேண்டும். அதற்கேற்ப ஒன்றரை மணிக்கொரு முறை வண்டியை நிறுத்துவதே முறை. குழந்தை கேட்டபின் நிறுத்துவதென்று வைத்துக்கொள்ளலாகாது. விளையாட்டிலோ ஜன்னல் காட்சியிலோ ஆழ்ந்த குழந்தை கடைசி நிமிஷத்தில்தான் கேட்கும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். தங்கவயலிலிருந்து வேலூருக்கு வி.கோட்டை, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியாகச் செல்வோர் ஒரே காலையில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களைக் கடக்கின்றனர். வி.கோட்டைக்கும் பேர்ணாம்பட்டுக்கும் நடுவே மலைப்பாதை. வளைவுகளில் நிறுத்த இடமுமில்லை, குழந்தைக்குக் குமட்டலும் வரும். ஆதலால் மலை இறங்குமுன் வி.கோட்டையிலேயே ஒருமுறை இறக்கி உட்கார வைத்துவிட வேண்டும். ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரையில் 2024ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்கு வந்த விரைவுச்சாலையில் இன்னொரு விதக் கஷ்டம். பெங்களூர் அருகாகிவிட்டது, ஆனால் அத்தகைய சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டுவது உயிருக்கே ஆபத்து. சாலையில் ஏறுமுன் நிறுத்தி முடித்துக்கொள்வதன்றி வேறு வழியில்லை.

ஓடும் வண்டியில் குழந்தையை மடியிலேந்தி, பாட்டிலிலோ சட்டியிலோ காரியத்தை முடிப்பவர்களும் இருக்கிறார்கள். இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். 14 வயதுக்குட்பட்டவரை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரியது. அபராதம் போகட்டும், திடீரென்று பிரேக் போட்டால் மடியிலிருக்கும் குழந்தையைத் தாயின் கை தாங்காது. உடை நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம். நனையட்டும் என்று விட்டுவிட்டு, நிறுத்த இடம் கண்டபின் மாற்றுவதே அறிவுடைமை.

இனிக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். குழந்தை உட்காரும் சிறு பிளாஸ்டிக் சட்டியைக் கடைகளில் 'பாட்டி சீட்' என்று விற்கின்றனர். நம் மொழியில் அச்சொல் வேறொருவரைக் குறிப்பதால் வீட்டில் நகைப்புக்கு இடமுண்டு. புதிதாக வாங்கி நேரே காருக்கு எடுத்துச் செல்வதால் பயனில்லை. ஒரு வாரமாவது வீட்டிலேயே அதில் உட்கார்ந்து குழந்தை பழக வேண்டும். பிறகு நிறுத்திய காரின் பின்கதவைத் திறந்து, மறைவாக ஒரு துண்டைப் பிடித்து, அதில் உட்கார வைத்தால் அதற்குத் தன் வீட்டுச் சாமான் கூடவே வந்திருக்கும் தைரியம் உண்டாகும். இதனுடன் மூன்று மாற்றுடை, இருக்கையின் மேல் விரிக்க ஒரு ரப்பர் விரிப்பு, இரண்டு பழந்துணிகள், ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், சோப்பு, இறுக்கிக் கட்டத்தக்க பைகள் சில. உடை எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். பிரயாணத்துக்கென்று பெல்ட்டும் பொத்தானுமாக உடுத்திவிட்டால், அவற்றைக் கழற்றுவதற்குள் காலம் கடந்துவிடும்.

டயப்பர் போடலாமா என்று தாய்மார்கள் கேட்கின்றனர். அதிலுள்ள உறிஞ்சும் பொருள் ஈரத்தைக் கூழாக்கி வைத்துக்கொள்வதால், குழந்தைக்கு நனைந்த உணர்ச்சியே தெரிவதில்லை. அந்த உணர்ச்சிதான் பழக்கத்தின் ஆசிரியர். ஆதலால் இரண்டு, மூன்று மணி நேரப் பகற்பயணத்துக்கு அது வேண்டாம் என்பது நம் எண்ணம். வேளாங்கண்ணி போன்ற இரவு முழுதும் நீளும் பயணத்துக்குப் போடுவதில் தவறில்லை. அப்பொழுதும், "இது வண்டியில் தூங்குவதற்கு உரிய உடை, ஊர் போனதும் கழற்றிவிடுவோம்" என்று குழந்தைக்குச் சொல்லியே போட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் விளங்குமா என்று கேட்பவர்கள், அதே குழந்தை மிட்டாய் ஒளித்துவைத்த இடத்தை எவ்வளவு சரியாக விளங்கிக்கொள்கிறது என்பதை நினைத்துப் பார்க்கவும்.

மற்றொன்று சொல். வீட்டில் குழந்தை வழங்கும் சொல் எதுவோ, அதை உடன்வரும் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். தமிழில் 'உச்சா' என்பதும் கன்னடத்தில் 'உச்செ' என்பதும் ஏறத்தாழ ஒன்றே ஆதலால் தங்கவயலில் அதற்குச் சங்கடமில்லை. ஆனால் 'ஒன்று, இரண்டு' என்று சில வீடுகளிலும், சுண்டுவிரலைக் காட்டும் சாடையாகச் சில வீடுகளிலும் வழங்குகிறது. முன்னிருக்கையிலிருந்த மாமா, விரலைக் காட்டிய குழந்தைக்குத் தாமும் விரலைக் காட்டிச் சிரித்து விளையாடிய கதை ஒன்று நமக்குத் தெரியும். முடிவைச் சொல்ல வேண்டுவதில்லை. பெரியவர்கள் வழங்கும் 'கக்கூஸ்' என்ற சொல்லோ டச்சுக்காரர் விட்டுச் சென்றது.

கழித்ததை எங்கே போடுவது? மற்ற ஊர்களைக் காட்டிலும் தங்கவயலில் இக்கேள்விக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பொன் தோண்டிய இவ்வூரில், 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. அத்தகைய ஊரின் தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீரில்லாத உலர் கழிப்பிடங்கள் வெகுகாலம் இருந்தன. அவற்றிலிருந்து மலத்தைக் கையால் அள்ளி வாளியில் சுமந்தவர்களும் இவ்வூர் மக்களே. அத்தொழில் செய்த குடும்பமொன்றில் 1966ஆம் ஆண்டு இங்கே பிறந்த பெஜவாடா வில்சன், 1980களில் இதற்கு எதிராகக் குரலெழுப்பத் தொடங்கினார். உலர் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் 1993இலும், கையால் மலமள்ளும் பணியை இன்னும் விரிவாகத் தடை செய்யும் சட்டம் 2013இலும் பிறந்தன. 2016ஆம் ஆண்டில் வில்சனுக்கு மகசேசே விருது அளிக்கப்பட்டது.

இதனைக் குழந்தைப் பேச்சுக்கிடையே ஏன் கூறுகிறோம் எனில், குழந்தையின் மலம் அசுத்தமன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. நன்கு படித்தவர்களும் காரை நிறுத்திச் சாலையோரத்தில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, அப்படியே ஏறிப் போய்விடுகின்றனர்; சுருட்டிய டயப்பரை ஜன்னல் வழியே எறிகின்றனர். பேதியும் காமாலையும் குடற்புழுவும் பரப்பும் கிருமிகள் குழந்தையின் மலத்தில் பெரியவர்களின் மலத்தில் உள்ளதைவிடக் குறைந்தவையல்ல. பல சமயம் மிகுதி. எறிந்த டயப்பரை யாரோ ஒருவர் கையால்தான் எடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதைத் தங்கவயல் அறியும். சட்டியில் கழித்ததை அடுத்துவரும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம். அதுவரை மூடியிட்டு வைக்கலாம். டயப்பரானால் மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டு, தாளில் நன்றாகச் சுற்றி, தனியாகக் குறியிட்டு, வீட்டுக் குப்பையோடு கலவாமல் சேர்ப்பிக்க வேண்டும். நன்றாகச் சுற்றிச் சேர்ப்பிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் கூறின. பின்னர்க் குழந்தையின் கையையும் நம் கையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சாலையோரம் தவிர வேறிடமே இல்லையென்ற நிலையில் நீர்நிலையை விட்டு விலகி, ஒரு கரண்டியால் குழி பறித்து மூடுவது குறைந்த தீமை. காரில் ஒரு சிறு மண்கரண்டி வைத்திருப்பது பாரமாகாது.

ரயிலில் செல்வோருக்கு நிறுத்தும் கவலையில்லை, கூட்டம்தான் கவலை. காலை வண்டியில் கழிப்பறை வரை குழந்தையைத் தூக்கிச் செல்வதே ஒரு யாத்திரை. கழிப்பறைக்கு அண்மையிலுள்ள இடத்தைத் தேடி அமர்வதும், வண்டியேறுமுன் நிலையத்திலேயே ஒருமுறை உட்கார வைப்பதும் உதவும். இந்திய முறைக் கழிப்பறையின் அகன்ற பள்ளத்தைக் கண்டு குழந்தை அஞ்சும். தாய் பின்னின்று இரு தொடைகளையும் தாங்கிப் பிடித்தால் அச்சம் தெளியும்.

ஊர் திரும்பிய பின் இரண்டு, மூன்று நாள் குழந்தை தவறுதல் இயல்பே. கற்றது மறந்துவிட்டதென்று கலங்க வேண்டாம். பழைய இடம், பழைய நேரம், பழைய முகம் மூன்றையும் மீண்டும் கொடுத்தால் தானே திரும்பும். உணவுக்குப் பின் ஐந்து நிமிஷம் உட்கார வைத்து, கால் தரையில் பதியும்படி ஒரு மணையைக் கீழே போடுங்கள். கால் தொங்கினால் முக்க வலுவிராது. ஒன்றும் வராவிட்டாலும் கோபிக்காமல் எழுப்பிவிடுங்கள். மூன்று நாளுக்கு மேல் மலம் கழியாவிட்டாலும், கழியும்போது இரத்தம் தென்பட்டாலும், மூத்திரம் போகையில் அழுதாலும், காய்ச்சல் கண்டாலும் கைவைத்தியத்தில் காலம் போக்காமல் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும் முதற்கேள்வி எத்தனை நாளாயிற்று என்பதாக இருக்கும். பிரயாண அலைச்சலில் ஒருவரும் அதை எண்ணி வைத்திருப்பதில்லை. புறப்பட்ட நாளிலிருந்து காலண்டரில் ஒரு புள்ளி இட்டு வந்தால் பதில் கையிலிருக்கும்.